கையில் கொடுக்காத கத்தி

1979 அக்டோபர் 8, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். சைக்கிளுக்கு மட்கார்டு இல்லை. கோவில்பத்திலிருந்து ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் முதுகு முழுக்கச் சேறு.

செக்ரட்டரி கூப்பிட்டார். அரசலாறு இந்த வருஷம் சும்மா இருக்காது என்று பேச்சு. வெள்ளம் வந்தால் நம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் சார்பில் ஒரு படகு தயாராக இருக்கவேண்டுமாம். ஓட்டுவதற்கு ஹாஜா மைதீனிடம் சொல்லியாகிவிட்டது. கூடப் போக ஆபீஸ் ஆள் ஒருவர். அந்த ஒருவர் நான். நீச்சல் தெரியும் என்று எப்போதோ பீற்றிக்கொண்டதன் பலன்.

படகுக்கு வாங்கவேண்டியவை: மணிலாக் கயிறு, அரிக்கேன் விளக்கு, டார்ச், லாரி டியூப், தார்ப்பாய், கத்தி.

“எந்தக் கத்தி சார்?”

“எல்லாத்துக்கும் ஆவுற மாதிரி ஒண்ணு. கயிறு அறுக்கணும், கிளை வெட்டணும், அவசரத்துக்கு அடுப்பு மூட்ட விறகு பிளக்கணும். ஒரே கத்தி. நீங்களே பாத்து எடுத்துடுங்க, அந்தோணிசாமி.”

எனக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும்? தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். “வெங்காயம் உரிக்கத் தெரியாது, நீங்க கத்தி வாங்கப் போறீங்களாக்கும்” என்று சிரித்தாள். கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால்தான் வந்தது.

அக்டோபர் 10, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

இரும்புக் கடையில் பார்த்தவை:

பாளை அரிவாள். வளைந்த மூக்கு. படகில் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது இதை வீசினால் தேங்காய் இல்லை, தலைதான் விழும். வேண்டாம்.

கறிக்கடை வெட்டுக்கத்தி. ஒரே கனம். கிளைக்கு ஆகும், கயிற்றுக்கு ஆகாது.

மடக்குக் கத்தி. பார்க்க அழகு. ஆனால் மடக்கும் இடத்தில் மணல் போனால் தீர்ந்தது. ஈரக் கையால் நகம் வைத்துத் திறந்து பார்த்தேன், நகம் பெயர்ந்தது. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆக, மடங்காத கத்திதான். ஒரு சாண் போதும். முதுகு தடியாக, வாய் நேராக. பிடிக்குள் இரும்பு கடைசிவரை ஓடவேண்டும், பாதியோடு நின்றால் அடிக்கும்போது ஒடியும். இவ்வளவும் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன் என்று எனக்கே பெருமை. சாயந்தரம் ஆபீஸில் டைப்பிஸ்ட் ராஜமாணிக்கத்தை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். அவர் கொட்டாவி விட்டார்.

அக்டோபர் 13, சனி

கிடைத்துவிட்டது. பள்ளிவாசல் தெருவில் ஃபாரின் சாமான் கடை. சென்ட், டேப் ரிக்கார்டர், லுங்கிகளுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டியில் இரண்டு கத்திகள். ஒன்று முதுகில் ரம்பப் பல் வைத்தது, பளபளவென்று. மனசு அதற்குத்தான் ஓடியது. கையில் பிடித்தால் பல் கட்டைவிரலைக் கடிக்கிறது. வைத்துவிட்டேன். மற்றது வெறும் கத்தி. மரப்பிடி, மூன்று ஆணி, தோல் உறை. பெயர் தேய்ந்துபோய் எந்த நாடு என்றுகூடத் தெரியவில்லை. எடுத்தவுடன் கை அதை விடமாட்டேன் என்றது.

இடுப்பில் மாட்டிக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். ஸ்டெல்லா வந்துவிட்டாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

பூசை முடிந்து நேராக ஆற்றங்கரை. ஹாஜா படகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயசு, சரக்குக் கப்பலில் கொஞ்ச காலம் இருந்தவன். துபாய்த் துறைமுக வேலைக்கு ஏஜெண்டிடம் பேர் கொடுத்திருக்கிறான். அடுத்த மாசம் ஏஜெண்ட் ஆள் வந்து தேர்வு செய்வார். கிடைத்தால் தங்கை கல்யாணம், ஓட்டு வீட்டுக்குத் தளம். அவன் பேச்சில் பாதி துபாய்.

கத்தியைச் சோதித்தோம். நனைந்த கயிறு, ஒரே இழுப்பில். பூவரசங் கிளை, நாலைந்து கொத்தில். விறகை நிறுத்தி, கத்தியை வைத்து, முதுகில் கட்டையால் தட்டிப் பிளந்தேன். கெண்டை மீன் ஒன்றைச் சுத்தம் செய்தான் ஹாஜா. அதற்கும் ஆயிற்று.

“கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்கண்ணே.”

மீனுக்காக அவன் கை நீட்டியபோது நான் பலகைமேல் வைத்தேன். எடுத்துக்கொண்டான். சிரித்தான். “எங்க உம்மாவும் இப்படித்தான், கையில தராது. நமக்குள்ள என்னண்ணே சண்டை வரப்போவுது?”

அம்மா வளர்ப்பு. கத்தி, கத்தரிக்கோல், ஊசி எதையும் அவள் கைக்குக் கை கொடுத்ததில்லை. கீழே வைப்பாள். எடுத்துக்கொள்ளவேண்டும். சின்ன வயதில் ஒருமுறை சவரக் கத்தியை அப்பா கையில் கொடுத்ததற்கு முதுகில் ஒன்று வைத்தாள்.

நல்ல ஞாயிற்றுக்கிழமை. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

அக்டோபர் 27, சனி

நேற்றிரவிலிருந்து பேய்மழை. கரண்ட் இல்லை. விடிகாலையில் ஆள் வந்தது. சுரக்குடிப் பக்கம் கரை உடைந்துவிட்டதாம். படகை லாரியில் ஏற்றுகிறார்கள். கத்தி இடுப்பில். மிச்சம் வந்து எழுதுகிறேன்.

அக்டோபர் 28, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. எழுதவும் முடியவில்லை.

அக்டோபர் 29, திங்கள்

ஆபீஸ் லீவு. மழை விட்டுவிட்டது. வெயில்கூட அடிக்கிறது, வெட்கமில்லாமல்.

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாத தண்ணீர். முதல் நடை நன்றாக முடிந்தது. இரண்டாவது நடையில் படகில் இரண்டு பெண்கள், ஒரு பெரியவர், தடியான ஆட்கள் இருவர், ஒரு ஆடு. உடைப்புக்குப் பக்கத்தில் இழுப்பு அதிகம். படகை நிறுத்த ஹாஜா இறங்கி, இடுப்புத் தண்ணீரில் நின்று, ஒரு தென்னையில் கயிற்றைக் கட்டினான். கீழே முடிச்சு, மேலே ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்குள் அவன் வலது கை இருக்கும்போதே படகு திரும்பிவிட்டது. கயிறு விறைத்தது. மணிக்கட்டு மரத்தோடு ஒட்டிக்கொண்டது.

அவன் கத்தவில்லை. “அண்ணே, கத்தி. கத்தியக் குடுங்க” என்றான். இடது கையை நீட்டினான்.

என் கைக்கு எட்டியது படகுப் பக்கக் கயிறுதான், அதை நானே அறுத்திருந்தால் படகு ஆட்களோடு உடைப்புக்குள் போயிருக்கும். மேல்சுற்றை மட்டும் அவன் அறுக்கவேண்டும். அது எனக்கும் புரிந்தது. உறையிலிருந்து எடுத்தேன். அவன் கை என் கைக்கு எட்டும் தூரம். விரல் விரலாகத் தெரிந்தது.

படகின் விளிம்புப் பலகையில் வைத்தேன்.

வைத்தேன். எறியவில்லை, நழுவவில்லை. பத்திரமாக, பிடி அவன் பக்கம் இருக்கும்படி, வைத்தேன். ஈரப் பலகை. படகு ஒரு ஆட்டம் ஆடியது. கத்தி போய்விட்டது. செம்மண் தண்ணீர், போன இடம்கூடத் தெரியவில்லை.

ஹாஜா என்னைப் பார்த்தான். அப்போதும் கத்தவில்லை.

அந்த இரண்டு ஆட்களும் குதித்துப் படகை மரத்தின் பக்கமாகத் தள்ளினார்கள். பெண்களில் ஒருத்தியும் இறங்கித் தள்ளினாள். கயிறு தளர்ந்து கை வந்தது. அதுவரை நான் என்ன செய்தேன்? படகிலிருந்து குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கத்தியைத் தேடினேன். எல்லோரும் ஹாஜாவைப் பிடித்திருக்க, நான் கத்தியைத் தேடினேன்.

கரையில் செக்ரட்டரி. “கத்தி இல்லையா? அறுத்திருக்கலாமே?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹாஜா சொன்னான்: “கையிலேர்ந்து நழுவிட்டுது சார். எங்கையிலேர்ந்து.”

வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 30, செவ்வாய்

ஆஸ்பத்திரி. எலும்பு உடையவில்லை, நரம்பு நசுங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைகின்றன. மற்ற மூன்றும் இல்லை. “திரும்பி வரலாம். நாளாவும். வராமலும் போவலாம்.”

ஹாஜாவின் உம்மா கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறானாம். ஆறடி ஆள், வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறான். என்னைக் கண்டதும் ஸ்பூனைத் தள்ளிவிட்டான்.

“வாங்க தம்பி. நீங்க கூட இருந்ததால உசிரோட வந்தான். அல்லா உங்களுக்கு நூறு வயசு ஹயாத்தக் குடுக்கணும்” என்றார் உம்மா.

சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். உட்காரவே இல்லை. பஸ் இருக்கிறது என்று பொய் சொன்னேன். சைக்கிள் வெளியே நிற்கிறது.

நவம்பர் 1, வியாழன்

எங்களுக்கு சகல புனிதர் திருநாள், அவர்களுக்குப் பக்ரீத். ஊரே லீவு.

ஸ்டெல்லா வற்புறுத்தி அனுப்பினாள். ஹாஜா வீட்டுக்கு வந்துவிட்டான், கையில் கட்டு. வருஷா வருஷம் அவன் வாப்பா போனதிலிருந்து அந்த வீட்டுக் குர்பானி ஆட்டை அவன்தான் அறுப்பான். இந்த வருஷம் மாமன் மகன் ஒருவன் அறுத்தான். ஹாஜா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். புதுச் சட்டை, ஒரு கை மட்டும் நுழைத்து.

ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னே என்று.

“விடுங்கண்ணே. உண்மையச் சொன்னா ஊரு சிரிக்கும்.”

என்னைக் காப்பாற்றுகிறான். என்னைவிட எட்டு வயது சின்னவன். அவன் காலைத் தொட்டிருப்பேன், பெண்கள் வந்துவிட்டார்கள்.

எங்கள் பங்கு என்று கறியைப் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தார் உம்மா. நாளை வெள்ளி, எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது, இன்றே தீர்க்கவேண்டும். ஸ்டெல்லா மிளகு போட்டு வறுத்தாள். வாசனைக்கே பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். பொய் இப்போதெல்லாம் சரளமாக வருகிறது.

நவம்பர் 2, வெள்ளி

கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி, சாமந்தி. காற்றில் வத்தி நிற்கவில்லை, ஸ்டெல்லா உள்ளங்கையால் மறைத்து மறைத்து ஏற்றினாள்.

அம்மா கல்லறை முன்னால் நின்று அவளைத் திட்டினேன். மனசுக்குள்தான். உன்னால்தான், கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று சொன்ன உன்னால்தான் என்றேன். செத்தவளைத் திட்டிவிட்டு, அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன். அவள் வெங்காயம் நறுக்கும் கத்திக்குச் சொன்னாள். வெள்ளத்துக்கா சொன்னாள்?

இன்னொன்றும் இருக்கிறது. அவன் நீட்டியது இடது கை. இடது கையில் எதையும் கொடுத்துப் பழகவில்லை. எது என்னைத் தடுத்தது என்று எத்தனை தடவை யோசித்தாலும் பிடிபடவில்லை. யோசிக்க அப்போது நேரம் எடுத்துக்கொண்டேனா என்ன? கை தானாக வைத்தது. கத்தியைத் தேர்ந்தெடுக்க ஊரெல்லாம் அலைந்தவன், அதைக் கொடுப்பது எப்படி என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

ஸ்டெல்லா வழியில் சொன்னாள்: “பாவங்க அந்தப் புள்ள. கத்திய மட்டும் வுடாம புடிச்சிருந்தா...”

ஆமாம் என்றேன்.

நவம்பர் 12, திங்கள்

ஏஜெண்ட் ஆள் வந்திருந்தார். லாட்ஜ் மாடியில் வரிசை. ஹாஜாவுக்குத் துணையாக நான் போனேன். நானாகத்தான் போனேன், அவன் கூப்பிடவில்லை.

கட்டு பிரித்தாகிவிட்டது. முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான். ஏஜெண்ட் எல்லோரிடமும் ஒரு கனமான இரும்புச் சங்கிலியைக் கொடுத்துத் தூக்கச் சொன்னார். ஹாஜா இடது கையால் தூக்கினான், சுலபமாக. “அந்தக் கை?” என்றார். தூக்கினான். இரண்டு விரலில் கொஞ்சம் நின்றது. பிறகு தரையில் விழுந்தது. சத்தம் கேட்டு வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“கை சரியானதும் வாய்யா. அடுத்த வருஷம் பாப்பம்.”

இறங்கி வரும்போது ஹாஜா, “நசீபு அவ்வளவுதாண்ணே” என்றான். டீ சாப்பிடலாம் என்றேன். வேண்டாம் என்றான். அவன் இடத்துக்கு அம்பகரத்தூர்ப் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டார்களாம்.

நவம்பர் 15, வியாழன்

மறுபடி மேகம். ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டுச் செக்ரட்டரி பேசினார். மழை இன்னும் இருக்கிறது, படகுச் சாமான் சரி பார்க்கவேண்டும்.

“கத்தி போயிட்டுது. ஹாஜா வுட்டுட்டான், அவனைச் சொல்லிக் குத்தமில்ல. புதுசா ஒண்ணு வேணும். அந்தோணிசாமியே பாக்கட்டும். போன தடவை அருமையா எடுத்திருந்தார்.”

அருமையா. அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை.

“ஹாஜா வுடலை சார். நாந்தான் அவன் கையில குடுக்கலை. பலகையில வச்சேன். அது வுழுந்துட்டுது.”

“ஏன் வச்சீங்க?”

“கத்திய கையில குடுக்கக் கூடாதுன்னு... பழக்கம் சார். சண்டை வரும்னு.”

நான் தண்டனைக்குக் காத்திருந்தேன், உண்மையிலேயே காத்திருந்தேன். முதலில் ராஜமாணிக்கத்துக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டது. “ஆத்துலயா சார்? அவன் கை மாட்டிக்கிட்டுக் கிடக்குறப்பவா? சண்டை வந்துடும்னா?” பிறகு எல்லோரும். பியூன்வரை. செக்ரட்டரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, “அட போங்கய்யா” என்றார்.

நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். சிரித்தேன். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. சைக்கிளில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 17, சனி

காலையில் ஹாஜா வீட்டுக்கு வந்தான். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த நான், வா வா என்று எழுந்து போனேன். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றான்.

“ஏண்ணே சொன்னீங்க?”

“உம்மேல பழி கிடக்கலாமா ஹாஜா? நீ என்னைக் காப்பாத்துனே. எவ்வளவு நாள்...”

“ஒங்களையா?” என்றான். “ஒங்களக் காப்பாத்தத்தான் சொன்னேன்னு நெனச்சிக்கிட்டீங்களா?”

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“வெள்ளத்துல நாலு பேரக் கொண்டாந்தப்ப போன கைன்னு சொன்னாங்கண்ணே. பள்ளிவாசல்ல எடம் வுட்டு ஒக்கார வச்சாங்க. தங்கச்சிய கேட்டு வந்தவங்க இந்தக் கையப் பாத்து மரியாதையாப் பேசுனாங்க. துபாயி போச்சு, இந்த மரியாதையாவது இருந்துச்சு. நேத்து ராவுத்தர் கடையில ஒருத்தன் கேக்குறான், ஒங்கிட்ட கத்தியக் குடுத்தா சண்டையாமே, நெசமாவான்னு. இனிமே இது சிரிப்புக் கதையில போன கை.”

“எனக்குத் தாங்கலை ஹாஜா.”

“ஒங்களுக்குத் தாங்கலை. அதுக்கு என்னையக் கேட்டுட்டாவது எறக்கி வச்சிருக்கலாமுல்ல.”

குரலை உயர்த்தவில்லை. போய்விட்டான். ஸ்டெல்லா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து என்னைப் பார்த்தாள். “எங்கிட்டகூடச் சொல்லலை நீங்க” என்றாள். அவ்வளவுதான். மத்தியானம் சோறு போட்டாள், பேசவில்லை.

அவன் சொன்னது சரி. கல்லை இறக்கினேன், அவன் தலையில்.

நவம்பர் 18, ஞாயிறு

பூசை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல வரிசையில் நின்றேன். முன்னால் ஆறேழு பேர். என் முறை வரும்போது வரிசையிலிருந்து விலகிவிட்டேன். எங்கே போனாலும் சொல்லி இறக்கி வைக்கத்தான் பார்க்கிறேன்.

ஸ்டெல்லா ஒரு வார்த்தை பேசினாள்: அரிசி தீர்ந்துவிட்டது.

நவம்பர் 19, திங்கள்

தூறல். செக்ரட்டரி கத்தி என்னாயிற்று என்றார். வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். சரி என்று சிரித்தார்.

சாயந்தரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. ஒதுங்க வேறு இடம் இல்லை, மழை வலுத்துவிட்டது. உள்ளே பெஞ்சில் ஹாஜா, நாலைந்து படகுக்காரர்களோடு. என்னைப் பார்த்தான், தலையசைத்தான். மரியாதையை விடவில்லை. நான் ஓரமாக நின்றேன்.

டீ வந்தது. மாஸ்டர் ஹாஜாவிடம் கிளாஸை நீட்டினார். அவன் இடது கையைக் கொண்டுபோனான். மாஸ்டர் சட்டென்று கிளாஸைப் பின்னால் இழுத்து, பெஞ்சின்மேல் வைத்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீயே எடுத்துக்கப்பா. கையில குடுத்தா நமக்குள்ள சண்டை வந்துடும்!”

கடையே சிரித்தது. படகுக்காரர்கள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

ஹாஜாவும் சிரித்தான். எல்லோரையும்விடச் சத்தமாக.